மனப்பாடம் செய்து மாளாத நைடார்ஃப்: எங்கிருந்து தொடங்குவது?

சதுரங்கத் தொடக்கங்களில் எதற்கு மனப்பாடம் அதிகம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்: கிரன்ஃபெல்ட், டிராகன், செமி ஸ்லாவில் போத்வின்னிக் வழி. என் ஓட்டு சிசிலியன் தொடக்கத்தின் நைடார்ஃப் வகைக்குத்தான். வெள்ளை ஆறாவது நகர்வில் எதை ஆடினாலும் அது ஒரு தனிப் பாடம். சில பாடங்கள் இருபது நகர்வையும் தாண்டி ஓடும்.

குறியீடு படிக்கத் தெரிந்தால் போதும். பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசித் திரை வேண்டாம். காயைக் கையால் நகர்த்திப் படித்ததுதான் எனக்கு நின்றிருக்கிறது.

படி 1: ஐந்து நகர்வுகள்

வெள்ளை இ4, கறுப்பு சி5. குதிரை எஃப்3, டி6. வெள்ளை டி4 ஆட, கறுப்பு அதைச் சிப்பாயால் வெட்டுகிறது. வெள்ளை குதிரையால் திருப்பி வெட்டுகிறது. கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை சி3. இப்போது கறுப்பு ஏ6.

எஃப்6 குதிரைக்குக் காரணம் எளிது. அது இ4-ஐத் தாக்குகிறது. வெள்ளை குதிரையைச் சி3-இல் வைத்துக் காக்கிறது. அதனால் வெள்ளையின் சி சிப்பாய்க்கு வழி அடைபட்டுவிடுகிறது.

ஏ6-தான் புதியவர்களைக் குழப்பும். ஓரத்தில் எதற்கு ஒரு வீண் நகர்வு? அதை விட்டுவிட்டு நேராக இ5 ஆடிப் பாருங்கள். வெள்ளை மந்திரி பி5-க்கு வந்து செக் வைக்கும். நீங்கள் டி7-இல் மந்திரியை வைத்துத் தடுப்பீர்கள். வெள்ளை அதை வெட்டி, உங்கள் ராணி திருப்பி வெட்டியதும், குதிரையை எஃப்5-இல் கொண்டுவந்து உட்காரவைக்கும். அந்தக் குதிரையை வெட்ட வேண்டிய மந்திரி இப்போதுதான் பலகையை விட்டுப் போனது. ஏ6 ஆடியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பின்னால் பி5 தள்ளவும் அது உதவும்.

பெயர்க்காரர் மிகேல் நைடார்ஃப். 1939-இல் போலந்து அணிக்காக ஒலிம்பியாட் ஆடப் புவெனோஸ் ஐரிஸ் போனவர். போர் மூண்டதால் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார்.

படி 2: ஆறாவது நகர்வுக்கு ஒரு பக்கம்

நோட்டில் வெள்ளையின் ஆறாவது நகர்வுகளை எழுதுங்கள்: மந்திரி ஜி5, மந்திரி இ3, மந்திரி இ2, மந்திரி சி4, எச்3. இன்னும் இருக்கின்றன; இப்போதைக்கு இவை போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பதிலைத் தேடுகிறவர்கள் முதல் பதிலையும் மறந்துவிடுகிறார்கள்.

நான் சொல்லும் கணக்கு: மந்திரி இ3, மந்திரி இ2, எச்3 வந்தால் இ5. மந்திரி ஜி5, மந்திரி சி4 வந்தால் இ6. ஏன் இந்தப் பிரிவு? இ5 ஆடினால் டி5 கட்டத்தைச் சிப்பாயால் காக்க முடியாது. மந்திரி சி4-இல் இருந்தால் அந்தக் கட்டத்தை ஏற்கெனவே குறிவைத்திருக்கிறது. மந்திரி ஜி5-இல் இருந்தால் எஃப்6 குதிரையை வெட்டும். நீங்கள் ராணியால் திருப்பி வெட்டினால், வெள்ளைக் குதிரை டி5-க்குக் குதித்து ராணியை விரட்டும்.

படி 3: விஷச் சிப்பாய்

மந்திரி ஜி5, இ6, எஃப்4 வரை வந்துவிட்டோம். இங்கே கறுப்பு ராணியைப் பி6-க்குக் கொண்டுவரலாம். வெள்ளை மந்திரி சி1-ஐ விட்டுப் போனதால் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை. வெள்ளை அலட்டிக்கொள்ளாமல் ராணியை டி2-இல் வைக்கும். கறுப்பு பி2-ஐத் தின்னும். இதுதான் விஷச் சிப்பாய்.

1972-இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 11-ஆவது ஆட்டத்தில் கறுப்பில் ஆடிய அமெரிக்கர் ஃபிஷர் இதைத் தின்றார். அப்போதைய உலகச் சாம்பியன் ஸ்பாஸ்கி குதிரையைப் பி3-க்கு இழுத்தார். ஃபிஷரின் ராணி ஏ3-க்கு ஒதுங்கியது. 14-ஆவது நகர்வில் ஸ்பாஸ்கி சி3 குதிரையைப் புறப்பட்ட இடமான பி1-க்கே திருப்பி அனுப்பினார். தாக்குகிறவர் பின்வாங்குகிறாரா என்று தோன்றும். பலகையில் வைத்துப் பாருங்கள்: பி1-இலிருந்து அது ஏ3-இல் நிற்கும் ராணியைத் தாக்குகிறது. அதன்பின் அந்த ராணிக்கு நிம்மதியே இல்லை. கடைசியில் சிக்கி விழுந்தது. அந்தத் தொடரில் ஃபிஷர் பிறகு இந்தச் சிப்பாயைத் தொடவில்லை.

ஆகவே நீங்களும் முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். பி6-க்குப் பதில் மந்திரியை இ7-இல் வையுங்கள். வெள்ளை ராணி எஃப்3, உங்கள் ராணி சி7. வெள்ளை நீளக் கோட்டை கட்டும். நீங்கள் பி8 குதிரையை டி7-இல் வைத்துவிட்டுப் பி5 தள்ளத் தயாராகுங்கள்.

மந்திரி இ7 வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. ராணி எஃப்3 வந்ததும் எச்6, பிறகு ஜி5 என்று துள்ளுவதற்கு 1955-இல் கோதென்பர்க் போட்டிக்கு வந்த அர்ஜென்டினாக்காரர்கள் தயாராக இருந்தார்கள். நைடார்ஃப், பன்னோ, பில்னிக் மூவரும் ஒரே சுற்றில், கெரெஸ், கெல்லர், ஸ்பாஸ்கி என்ற மூன்று சோவியத் ஆட்டக்காரர்களுக்கு எதிராக அதையே ஆடினார்கள். கெல்லர் குதிரையை இ6-இல் பலி கொடுத்தார். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். மூன்று பலகையிலும் கறுப்பு தோற்றது. கறுப்புக்கு யானையை எச்7-க்கு நகர்த்தும் தற்காப்பு இருந்தது; 1958-இல் போர்ட்டோரோஜில் கிளிகோரிச்சுக்கு எதிராக ஃபிஷர் அதை ஆடி டிரா செய்தார். அன்று அந்த மூவருக்கும் அது தெரியவில்லை.

படி 4: அட்டையில் தண்டனையை எழுதுங்கள்

சிறு அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் நிலை. பின்பக்கம் சரியான நகர்வோடு, அதை ஆடாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள். "ஏ6. இல்லையேல் பி5-இல் செக்." அவ்வளவுதான். தண்டனையை எழுத முடியாத நகர்வு உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள். அந்த அட்டையைத் தனியே வைத்து மறுநாள் பலகையில் ஆடிப் பாருங்கள்.

படி 5: எதிராளி உங்கள் பாடத்துக்கே வராவிட்டால்

நான் இரண்டு மாதம் விஷச் சிப்பாயைக் கரைத்துக் குடித்துவிட்டு ஒரு போட்டிக்குப் போனேன். எதிரே பத்து வயதுப் பையன். இ4, சி5. அவன் சி3 ஆடினான். நைடார்ஃப் அங்கேயே முடிந்தது. எனக்கு அடுத்த நகர்வு தெரியவில்லை. மூச்சுவிடக்கூட நேரம் தராமல் தோற்கடித்து அனுப்பிவைத்தான்.

உங்களுக்கு அது நேராமல் ஒரு அட்டை தருகிறேன். சி3 வந்தால் குதிரை எஃப்6. இ4 உடனே தாக்கப்படும். வழக்கமாக அதைக் காக்க வரும் குதிரைக்குச் சி3-இல் இடமில்லை, அங்கே அவர்களுடைய சிப்பாயே நிற்கிறது. வெள்ளை இ5 தள்ளும். உங்கள் குதிரை டி5-க்குப் போகட்டும்.