ஓட்டம் முடிந்த பந்தயக் குதிரையை மறுபடி பழக்கி நல்ல இடத்தில் சேர்ப்பது எப்படி

கிண்டியிலோ பெங்களூரிலோ புனேயிலோ ஓடிய தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) குதிரை பெரும்பாலும் பத்து வயதைத் தொடும் முன்பே பந்தயத்தை விட்டு வெளியே வந்துவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது 25 வயதைத் தாண்டியும் வாழும். பாதிக்கும் மேற்பட்ட ஆயுள் மிச்சமிருக்கிறது. அதற்கு வேறு வேலை பழக்க வேண்டும். இவற்றை முரட்டுக் குதிரை என்று சொல்வது அநியாயம். லகான் இறுகினால் வாயை அதன்மேல் சாய்த்து ஓடு, பக்கத்தில் இன்னொரு குதிரை வந்தால் முந்து என்று இரண்டு வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நமக்கு அடமாகத் தெரிவது அது ஒழுங்காகப் படித்த பாடம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

குதிரையின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட்டில் உள்ள மைக்ரோசிப் எண்ணைக் கருவி வைத்து அதன் கழுத்தில் சரிபாருங்கள். முன்னங்காலின் பின்புறம், முழங்காலுக்குக் கீழே, வில்போலப் புடைத்திருந்தால் தசைநாண் கிழிந்ததன் அடையாளம். ஸ்கேன் எடுத்த பிறகுதான் முடிவு. ஆறுவதற்கு 9 முதல் 12 மாதம் ஆகும். நொண்டல் போய்விட்டது என்று முன்பே ஓட்டினால் அதே இடத்தில் மறுபடி கிழியும். கிளாண்டர்ஸ் (பாக்டீரியா நோய்), சர்ரா (ரத்தத்தில் ஒட்டுண்ணி பரவும் நோய்) இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யாமல் லாயத்துக்குள் விடாதீர்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். டெட்டனஸ் தடுப்பூசி போட்ட தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

முதல் மூன்று மாதம்: சவாரி வேண்டாம்

பந்தய லாயத்தில் ஒரு நாளைக்கு 5, 6 கிலோ ஓட்ஸும் அடர்தீவனமும் தின்று, 22 மணி நேரம் அறைக்குள் நின்று பழகிய உடம்பு அது. தானியத்தை ஒரே நாளில் நிறுத்தினாலோ, புதுப் புல்லை ஒரே நாளில் கொட்டினாலோ வயிற்றுவலியில் படுத்துவிடும். 10 முதல் 14 நாள் எடுத்துக்கொண்டு, தானியத்தைக் குறைத்த அளவுக்கு நார்த்தீவனத்தை (புல், உலர்புல்) கூட்டுங்கள். 450 கிலோ குதிரைக்கு உலர்ந்த நிலையில் 7 முதல் 9 கிலோ நார்த்தீவனம் தேவை.

நம் பக்கத்தில் தவறு நடப்பது இங்கேதான். மாட்டுக்கு வளர்க்கும் நேப்பியர் புல்லை மட்டும் அறுத்துப் போட்டு, கூடவே தவிடும் வைப்பார்கள். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்தால் எலும்பு பலமிழந்து, மாதக்கணக்கில் இப்படியே போனால் முகத்து எலும்பே வீங்கிவிடும், நடையும் தடுமாறும். தினம் 1 முதல் 2 கிலோ உலர்ந்த குதிரைமசால் சேர்த்து, தவிட்டைக் கைவிடுங்கள். நேப்பியரோடு வேறு புல்லையும் கலந்து போடுங்கள். உப்பு 30 கிராம், கோடையில் 50 கிராம் வரை. தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். சாதாரண நாளிலேயே 30 லிட்டருக்கு மேல் குடிக்கும்.

பந்தயக் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் மிகச் சாதாரணம். தானியத்தைப் பாதியில் விட்டுப் போவது, வயிற்றுப்பட்டியை இறுக்கும்போது கடிக்க வருவது, எவ்வளவு போட்டாலும் மெலிவது எல்லாம் அதன் அறிகுறிகள். குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்கும். ஆகவே தீனியில்லாத இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மருந்தும் அளவும் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். புண்ணை ஆற்றாமல் பழக்கத் தொடங்கினால் வலியைத்தான் முரட்டுத்தனம் என்று தண்டித்துக்கொண்டிருப்போம்.

வெளியே விடும் முதல் நாள், பெரிய மைதானத்தில் அவிழ்த்துவிட்டால் வேலியில் போய் மோதும். வயிறு நிறையத் தீனி போட்டு, கால்மணி நேரம் நடத்திவிட்டு, பின்னங்கால் லாடங்களைக் கழற்றி, சின்ன அடைப்பில், அமைதியான வயதான குதிரை ஒன்று வேலிக்கு அப்பால் நிற்க, 20 நிமிடம் விடுங்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டுங்கள். முள்கம்பி வேலி கூடவே கூடாது. மணல் தரையில் தீனி போட்டால் மணலும் உள்ளே போகும், தொட்டியில் போடுங்கள்.

பந்தய லாடம் மெல்லிய அலுமினியம். குளம்பின் முனை நீண்டும் குதிகால் தாழ்ந்தும் இருப்பது வழக்கம். ஐந்து வாரத்துக்கு ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை சீவித்தான் சரிக்குக் கொண்டுவர முடியும். ஒரே தடவையில் வெட்டினால் நடக்க முடியாமல் நிற்கும்.

சென்னை போன்ற புழுக்கமான ஊரில் இன்னொன்றைக் கவனியுங்கள்: வியர்வையே வராமல் போகும் குதிரைகள் உண்டு. வேலை முடிந்து அரைமணி கழித்தும் நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு வாங்கி, தோல் காய்ந்து கிடந்தால் அதுதான். உடனே நிழலில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி வழித்து, மறுபடி ஊற்றிக்கொண்டே மருத்துவரை அழையுங்கள். அப்படிப்பட்ட குதிரைக்கு விடியற்காலை வேலை மட்டுமே.

பழக்குதல்

முதலில் தரையில்தான். நட என்றால் நடக்க, நில் என்றால் நிற்க, விரலால் விலாவில் தொட்டால் ஒதுங்க. விலாவில் சவாரிக்காரரின் கால் அழுத்துவது பந்தயக் குதிரைக்குப் புதிது. ஜாக்கி முழங்காலை மடக்கி மேலேதான் உட்கார்ந்திருப்பார். கயிற்றில் வட்டமாக ஓட்டுவது பத்து நிமிடம் போதும், இரு பக்கமும் சமமாக. சின்ன வட்டம் மூட்டைக் கெடுக்கும். 20 மீட்டர் அகலமாவது வேண்டும்.

பந்தய லாயத்தில் குதிரை நடக்க நடக்கவே ஆளைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். ஆகவே ஏறும்போது அது நிற்காது. ஏறு மேடை பக்கத்தில் நிறுத்தி, மேடையில் ஏறி இறங்கி, முதுகில் கை போட்டு, அசையாமல் நின்றால் அவிழ்த்துவிடுங்கள். ஒரு வாரம் இதுவே பாடம். பந்தயச் சேணம் ஒரு கிலோ தேறாது, சாதாரணச் சேணம் ஏழெட்டு கிலோ. முதலில் வெறும் சேணத்தோடு நடத்திப் பழக்குங்கள். முதுகுத் தசை மாறிக்கொண்டே வருமாகையால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேணம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

சவாரி தொடங்கியதும் மூன்று வாரம் நடை மட்டும், தினம் அரைமணி. வேகமெடுத்தால் லகானை இழுத்துப் பிடிக்காதீர்கள். அதற்கு அது "ஓடு" என்று பொருள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு லகானை மட்டும் மெல்ல வாங்கி வட்டத்துக்குள் திருப்புங்கள், வேகம் தணிந்த அந்தக் கணமே விடுங்கள். பிறகு துள்ளுநடை. பாய்ச்சல் கடைசியில், அதுவும் அடைப்புக்குள். நீளமான திறந்தவெளியில், பக்கத்தில் இன்னொரு குதிரையோடு பாய்ச்சல் காட்டினால் ஆறு மாத வேலை ஒரு நிமிடத்தில் போய்விடும்.

புது வீடு

அமைதியாக நிற்கிறது என்பதற்காக, முதன்முதலில் சவாரி கற்கும் சிறுவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அனுபவமுள்ளவரிடம் தடை தாண்டும் போட்டிக்கு, உயரம் குறைந்ததாக இருந்தால் போலோவுக்கு, நிதானமானதாக இருந்தால் குதிரைப்படைப் போலீசுக்குப் போகலாம். ஓட முடியாததைத் துணைக் குதிரையாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

எடுக்க வருபவர் மூன்று தடவையாவது வந்து, தாமே தேய்த்து, குளம்பு தூக்கி, சேணம் போட்டு ஓட்டிப் பார்க்கட்டும். அவருடைய லாயத்தை நீங்களும் போய்ப் பாருங்கள்: நிழல், தண்ணீர், வேலி, லாடம் அடிப்பவர், வரக்கூடிய மருத்துவர். காயங்களை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். பந்தயத்துக்குத் திரும்ப அனுப்பக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் முதலில் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

அனுப்பும்போது பாஸ்போர்ட்டோடு இரண்டு வாரத் தீவனத்தையும் மூட்டை கட்டி ஏற்றுங்கள். வண்டியில் ரப்பர் விரிப்பு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர். புது இடத்தில் முதல் வாரம் சேணம் வேண்டாம், கையில் பிடித்து நடத்தினால் போதும். சாணம் வழக்கம்போல் விழுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று தினமும் மாலை கேட்டுக்கொள்ளுங்கள்.