ஆட்டோ மாஸ்க்: பிரஷ்ஷின் நடுப்புள்ளியைப் பாருங்கள்

லைட்ரூம் என்ற ஃபோட்டோ எடிட்டிங் மென்பொருளில், படத்தின் ஒரு பகுதியை மட்டும் தடவித் திருத்த பிரஷ் எடுத்ததும் அதன் கீழே ‘ஆட்டோ மாஸ்க்’ என்று ஒரு சின்னக் கட்டம் தெரியும். 2008இல் லைட்ரூமின் இரண்டாம் பதிப்பில் பிரஷ் வந்தபோதே அதுவும் கூட வந்துவிட்டது. நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சுற்றுவட்டார ஸ்டூடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் எடிட்டிங் செய்து கொடுக்கிறேன். என்னிடம் வரும் ஃபைல்களைப் பார்த்தால், சிலர் அந்தக் கட்டத்தை எப்போதும் டிக் செய்தே வைத்திருக்கிறார்கள், சிலர் அதைத் தொட்டதே இல்லை என்று தெரிகிறது. இரண்டு பழக்கமும் படத்தைக் கெடுக்கும். எங்கே போட வேண்டும், எங்கே எடுக்க வேண்டும் என்பதுதான் இதில் வித்தையே.

அது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். பிரஷ் வட்டத்தின் நடுவில் ஒரு கூட்டல் குறி இருக்கிறது. அந்தக் குறிக்கு அடியில் என்ன நிறம், எவ்வளவு வெளிச்சம் என்று மென்பொருள் பார்க்கிறது. வட்டத்துக்குள் அதை ஒத்த புள்ளிகளில் மட்டும் தடவுகிறது, மற்றதை விட்டுவிடுகிறது. ஆகவே வட்டம் ஓரத்தைத் தாண்டி வெளியே போகலாம், போகவும் வேண்டும். கூட்டல் குறி மட்டும் தாண்டக் கூடாது. அது ஒரு நொடி வெளியே மிதித்தாலும், மிதித்த இடத்தையும் ‘இதுவும் வேண்டும்’ என்று எடுத்துக்கொள்ளும். பழகுகிறவர்கள் கண் வட்டத்தின் விளிம்பிலேயே இருக்கும். அதை நடுப்புள்ளிக்கு மாற்றிக்கொண்டாலே பாதி வேலை சரியாகிவிடும்.

வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படித்தான் இதற்கு நிற வேறுபாடு. வரப்பு உயரமாக இருக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கும், தாழ்ந்த இடத்தில் அடுத்த வயலுக்குப் போய்விடும். படத்தில் எந்த ஓரம் உயரம், எந்த ஓரம் தாழ்வு என்று பார்த்துவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுக்க வேண்டும்.

வரப்பு நல்ல உயரமாக இருக்கும் இடம் என்றால் மணப்பெண்ணின் தலைப்பூ. கறுப்புக் கூந்தலில் வெள்ளைப் பிச்சிப்பூ. மண்டபத்து ஃபோகஸ் லைட்டில் பூ வெளுத்துப்போய் இதழே தெரியாமல் ஒரே வெள்ளைத் திட்டாக நிற்கும். ரா ஃபைலாக (கேமரா பதிந்த மூல ஃபைலாக) இருந்தால் பெரும்பாலும் அதை மீட்டுவிடலாம். ஆங்கில ‘கே’ எழுத்தை அழுத்தினால் பிரஷ் வரும். ஆட்டோ மாஸ்க்கை டிக் செய்யுங்கள், ‘ஏ’ எழுத்தை அழுத்தினாலும் போதும். பூச்சரத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், ஃபெதர் (ஓரத்தின் மென்மை) 50, ஃப்ளோ (ஒரு தடவலில் விழும் அளவு) 100. கூட்டல் குறியைப் பூவின் மேலேயே நடத்திக்கொண்டு போங்கள். கூந்தல் தானாகவே தப்பிவிடும். அப்புறம் ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை) மைனஸ் 40 வாக்கில் இறக்கினால் இதழ் இதழாகத் தெரியும். பெண்ணின் அம்மா விடியற்காலையில் எழுந்து பார்த்துப் பார்த்து வைத்துவிட்ட பூ அது. ஆல்பத்தில் பூவாகவே தெரிய வேண்டும்.

எங்கே தடவினோம் என்று பார்க்க ‘ஓ’ எழுத்தை அழுத்தினால் மாஸ்க் (தடவிய பகுதி) மேல் சிவப்பு பூசிக் காட்டும். நம் ஊர் முகூர்த்தப் பட்டு பெரும்பாலும் அரக்குச் சிவப்பு என்பதால், சேலையில் அந்தச் சிவப்புத் தெரியவே தெரியாது. மாஸ்க் பேனலில் ஓவர்லேக்குப் பக்கத்தில் இருக்கும் நிறக் கட்டத்தைத் தொட்டுப் பச்சையாக மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள மூன்று புள்ளி மெனுவில் கறுப்பின்மேல் வெள்ளையாகக் காட்டும் வழியும் இருக்கிறது. விட்டுப்போன பொட்டு பொடிகளைக் கண்டுபிடிக்க எனக்கு அதுதான் பிடிக்கும்.

முகத்தில் முறை வேறு. முகம் முழுவதும் ஆட்டோ மாஸ்க் போட்டுத் தடவினால் புருவம், கண், பொட்டு, நெற்றிச்சுட்டி எல்லாம் ஓட்டை ஓட்டையாக விட்டுப்போகும். கன்னம் மட்டும் ஏறி, கண் குழிந்து தெரியும். அதனால் ஆட்டோ மாஸ்க்கை எடுத்துவிட்டு, பெரிய மெதுவான பிரஷ்ஷால் முகத்தின் உள்பகுதியை முதலில் நிரப்புங்கள். ஓரத்துக்கு வரும்போது மட்டும் கட்டத்தை டிக் செய்து, வட்டத்தைச் சிறிதாக்கி, முடி தொடங்கும் இடம், காதோரம், கழுத்தில் சங்கிலிக்கு மேல் என்று துண்டு துண்டாகத் தடவுங்கள். நீளமாக இழுக்க வேண்டாம். தவறினால் கண்ட்ரோல் இசட் கடைசி இழுப்பு முழுவதையும் அழித்துவிடும், சின்ன இழுப்பாக இருந்தால் நஷ்டமும் சின்னது. உள்ளே கட்டமில்லாமல், ஓரத்தில் கட்டத்தோடு. முகத்துக்கு நான் போகிற வழி இதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். “அண்ணாச்சி, பொண்ணு முகத்தக் கொஞ்சம் பளிச்சுனு ஆக்கிருங்க” என்று ஸ்டூடியோக்காரர்கள் கேட்பார்கள். முகத்தில் நிழல் விழுந்திருந்தால் எக்ஸ்போஷரை 0.30 வரை ஏற்றுவேன், ஷேடோஸைக் (நிழல் பகுதிகளைக்) கொஞ்சம் திறப்பேன். அதற்கு மேல் போக மாட்டேன். இந்த வெயிலில் பிறந்து வளர்ந்த பெண்ணின் மாநிறத்தை மாற்றி வேறு யாரோ ஒருத்தியை ஆல்பத்தில் ஒட்டுவது எடிட்டிங் ஆகாது. கையும் முகமும் ஒரே ஆளுடையதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். முகத்தை ஏற்றினால் கழுத்தையும் கையையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

ஜரிகையில் ஆட்டோ மாஸ்க் வேண்டவே வேண்டாம். பொன்னும் சிவப்பும் மாறி மாறி வரும் இடத்தில் அது ஒரு இழையை எடுத்து மறு இழையை விடும். பார்டர் முழுக்கப் பொரிப் பொரியாகத் தெரியும்.

அவுட்டோர் படங்களில்தான் கசிவு அதிகம். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைக்கு நடுவில் ஜோடியை நிறுத்தி எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வெள்ளை இறக்கை, பின்னால் வெள்ளை மேகம். வரப்பே இல்லை. வானத்தின் வெளிச்சத்தை இறக்கப் போனால் இறக்கையும் சேர்ந்து அழுக்காகும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எடுத்த நாரைப் படங்களிலும் இதே தொல்லைதான். வெள்ளைச் சிறகு மங்கலான வானத்தில் கரைந்திருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஆட்டோ மாஸ்க்கை எடுத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, ஃபெதரைக் குறைத்துக் கையால் ஓரம் கட்டுவதே நல்லது.

பனைமரம் இன்னொரு சோதனை. ஓலைக்கு நடுவே துண்டு துண்டாக வானம் தெரியும். ஒவ்வொரு துண்டிலும் கூட்டல் குறியை வைத்து அழுத்திக்கொண்டே போனால் பொழுது போய்விடும். 2021 அக்டோபரில் வந்த ‘செலக்ட் ஸ்கை’ முக்கால்வாசியைத் தானே எடுத்துத் தரும். மட்டைப் பக்கம் தப்பாக எடுத்திருந்தால், அதே மாஸ்க்கில் ‘சப்ட்ராக்ட்’ கொடுத்து பிரஷ்ஷைத் தேர்ந்து, ஆட்டோ மாஸ்க்கோடு ஓலை மேல் தடவிக் கழித்துவிடுங்கள். வானத்தை ரொம்ப இருட்டாக்கினால் ஓலையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். ஓரப் புள்ளிகளில் ஓலை நிறமும் வான நிறமும் கலந்தே இருப்பதுதான் காரணம். எத்தனை முறை தடவினாலும் அது போகாது. மாஸ்க்கின் ‘அமௌன்ட்’டைக் குறைத்தால் அடங்கும்.

கிருஷ்ணாபுரம் கோவில் தூண் சிற்பங்களை எடுத்தவர்கள் ரதியை மட்டும் தூக்கிக்காட்ட ஆட்டோ மாஸ்க் போட்டுப் பார்ப்பார்கள். சிலையும் தூணும் ஒரே கல், ஒரே நிறம். மென்பொருளுக்கு அங்கே ஓரம் என்று ஒன்று கிடையாது. மூக்கின் நிழலையும் விரலிடுக்கையும்தான் ஓரம் என்று பிடிக்கும். அந்த மாதிரிப் படத்துக்குப் பெரிய பிரஷ், ஃபெதர் 100, ஃப்ளோ 20. மெதுவாக வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். செதுக்கிய கை வைத்த நிழல்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாம்.

ராத்திரி ரிசப்ஷன் படங்கள் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400இல் வந்திருந்தால், சுத்தமான சுவரில்கூட மாஸ்க் புள்ளி புள்ளியாக விழும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வேறு வேறு நிறமாக இருப்பதால் அந்த நாய்ஸையே (புள்ளிச் சிதறலையே) அது ஓரமாக எடுத்துக்கொள்கிறது. அதை நீக்க 2023இல் லைட்ரூமில் வந்த டினாய்ஸை முதலில் ஓட்டிவிட்டு மாஸ்க்குக்கு வாருங்கள். லென்ஸ் கரெக்ஷனையும் அப்படியே முன்னால் முடித்துவிடுங்கள், ஓரத்தில் நிற்கும் ஊதாக் கோடு போய்விடும். வாட்ஸாப்பில் வந்த படத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அது வரும் ஜேபெக் வடிவம் படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது, அதிகம் சுருங்கிய படத்தில் மாஸ்க்கின் ஓரமும் கட்டம் கட்டமாகவே வரும். ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

வெளியே கசிந்ததை அழிக்க ஆல்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தடவ வேண்டும். அழிக்கும்போதும் ஆட்டோ மாஸ்க் வேலை செய்யும். அப்போது கூட்டல் குறி வெளிப்பக்கத்தில் நிற்க வேண்டும். பரவலான இடத்தில் சிதறிய பொடிகளை அழிக்கக் கட்டத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழிப்பதிலும் பாதி மிச்சமாகும்.

லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட முடியாத தம்பி தங்கைகள் டார்க்டேபிள் என்ற எடிட்டிங் மென்பொருளைப் பழகலாம், அது இலவசம். அங்கே பிரஷ்ஷால் ஏறக்குறைய வரைந்துவிட்டு, மாஸ்க் ரிஃபைன்மென்ட் பகுதியில் ‘ஃபெதரிங் ரேடியஸ்’ஸை ஏற்றினால், வரைந்த மாஸ்க் படத்திலுள்ள ஓரத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். தடவும்போதே தேடுவது லைட்ரூம், தடவி முடித்தபின் தேடுவது டார்க்டேபிள். எது ஓரம், எது இல்லை என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

பிரிண்டுக்கு அனுப்பும் முன் படத்தை 100 சதவீத ஜூமில் வைத்து ஓரங்களை மட்டும் ஒரு சுற்று பாருங்கள்: காது, தோள், பூச்சரம், மாலை. மொபைல் திரையில் தெரியாத கோடு 12க்கு 36 இன்ச் ஷீட்டில் பளிச்சென்று தெரியும். ஆல்பம் கைக்கு வந்தபிறகு அதை அழிக்க வழியில்லை.