தண்டவாளம் அலை மாதிரி ஏறி இறங்குகிறதா? ட்ரெய்ன்ஸ் சர்வேயரில் தரையையும் பாதையையும் சரிசெய்யும் முறை

கடற்கரை – தாம்பரம் பாதையை ட்ரெய்ன்ஸ் என்ற ரயில் ஓட்டும் கணினி விளையாட்டில் உருவாக்க உட்காரும் எல்லோருக்கும் இது நடக்கும். உயரத் தரவை ஏற்றி, தண்டவாளம் வரைந்து, ஆசையாக ஒரு மின்ரயிலை ஓட்டினால் வண்டி கட்டுமரம் மாதிரி ஏறி இறங்கும். சில இடங்களில் தண்டவாளமே மண்ணுக்குள் புதைந்திருக்கும். நிஜத்தில் சென்னை கிட்டத்தட்ட தட்டையான ஊர்.

தப்பு உங்கள் கையில் இல்லை, தரவில் இருக்கிறது. நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் எஸ்ஆர்டிஎம் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். ரேடாருக்கு மொட்டை மாடியும் மரத்தின் தலையும்கூட தரைதான். மாம்பலம் மாதிரி நெருக்கமான இடத்தில் கட்டடங்களின் உயரமும் அதில் கலந்துவிடும். தரையோடு ஒட்டி வரைந்த தண்டவாளம் அந்த மேடு பள்ளத்தில் எல்லாம் ஏறி இறங்கும்.

அதனால் தரையைத் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்குவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். முதலில் தண்டவாளத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள். தரையை அப்புறம் அதற்கேற்றபடி இழுத்துக்கொள்ளலாம்.

உயரம் எங்கே கிடைக்கும்? பிளாட்பார முனையில் நிற்கும் மஞ்சள் பெயர்ப்பலகையில். ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பல நிலையங்களில் எழுதியிருப்பார்கள். அதைவிட நல்ல ஆதாரம் நமக்குக் கிடைக்காது. போனில் வரும் ஜிபிஎஸ் உயரத்தை அப்படியே எடுத்துவிடாதீர்கள். கடல் மட்டத்துக்கு ஏற்பத் திருத்தப்படாத எண்ணாக இருந்தால் சென்னையில் சுமார் 90 மீட்டர் வித்தியாசம் வரும்.

இரண்டு நிலையங்களின் உயரம் கிடைத்ததும் சரிவைக் கணக்கிடுங்கள். உதாரணமாக 1,600 மீட்டர் தூரத்தில் 2 மீட்டர் ஏறினால் 1-க்கு 800, அதாவது 0.125 சதவீதம். நிலையத்துக்குள் பொதுவாக 1-க்கு 400-ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. புதியவர்கள் பிளாட்பாரம் முழுவதையும் ஒரே உயரத்தில் வைத்துவிடுவது நல்லது.

இப்போது ட்ரெய்ன்ஸில் பாதையை வரையும் பகுதியான சர்வேயரில், தண்டவாளப் புள்ளிகளுக்கு இந்த உயரங்களைக் கொடுங்கள். உயரம் நிலைத்த புள்ளியின் வட்டம் மஞ்சளாகும். வெள்ளையாக இருந்தால் அது இன்னும் தரையோடுதான் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். தேவையில்லாத புள்ளிகளை நீக்குங்கள், குலுக்கல் பாதி அதிலேயே போய்விடும். சரிவு மாறும் இடத்தில் மட்டும் நாலைந்து புள்ளிகள் வைத்துச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். சட்டென்று மாறினால் ரயில் அங்கே ஒடிந்த மாதிரி தெரியும்.

சேமித்துவிட்டு, தரையைத் தண்டவாளத்துக்கு இழுக்கும் ஸ்மூத் ஸ்ப்ளைன் கருவியைப் பயன்படுத்துங்கள். இங்கேதான் பலர் சிக்குவார்கள். தரைக் கட்டம், அதாவது தரையின் உயரப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், 10 மீட்டர் என்றால், ஐந்து மீட்டர் இடைவெளியில் ஓடும் பக்கத்துப் பாதைக்கும் அதே தரைப்புள்ளிதான். ஒரு பாதையைச் சரிசெய்தால் மற்றது புதையும். 5 மீட்டர் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், அருகருகே ஓடும் பாதைகளுக்கு ஒரே உயரம் கொடுங்கள். அதற்கப்புறமும் ஸ்லீப்பர் கட்டைக்கு மேல் மண் எட்டிப் பார்த்தால், அந்த இடத்தில் தரையை மட்டும் லேசாக இறக்குங்கள்.

பாலங்களில் இந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே அடையாற்றுப் பாலத்தில் போட்டால் ஆற்றின் குறுக்கே அணை எழுந்துவிடும்.

பறக்கும் ரயிலுக்கும் அதே கதைதான். பூங்கா நகர் வரை தரையில் வரும் பாதை சிந்தாதிரிப்பேட்டையில் மேலே இருக்கும். அந்த ஏற்றத்தைச் சதவீதக் கணக்கில் கொடுத்து, மேம்பாலப் புள்ளிகளை நிலைப்படுத்திவிட்டு, கீழே இருக்கும் தரையைக் கையால் தனியாக மட்டப்படுத்துங்கள். திருமயிலை நிலையம் திறந்தது 1997-இல், ரேடார் படம் எடுத்தது அதற்குப் பிறகு. அவ்வளவு பெரிய நிலையக் கட்டடம் அங்கே ஒரு மேடாகப் பதிந்திருக்க வாய்ப்புண்டு, பக்கத்துத் தெருக்களின் உயரத்துக்கு அதை இறக்கிவிடுங்கள்.