சேலையும் வலையும் வைத்து ஒரு நிற அறை

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் பாம்பன் கரையில் ஆட்கள் வலையைப் பிரித்துப்போட்டு பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். கழித்துப்போட்ட துண்டு கேட்டால் தாராளமாகத் தருவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளோடு நான் நிற அறை கட்டுவது அப்போதுதான். நிறச் சேலை வழியாக வெயிலை விட்டு, நடந்து போகிறவர்மேல் ஒவ்வொரு நிறமாக விழவைக்கும் வழிதான் அது.

முதலில் வலையைச் சுத்தம் செய்யுங்கள். நல்ல தண்ணீர் இங்கே அருமை என்பதால் கடல் தண்ணீரில் அலசிவிட்டு, கடைசியில் ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். அதைக்கூட விட்டால் உப்பு காய்ந்து, தொடுகிறவர் கையெல்லாம் அரிக்கும். தூண்டில் முள் சிக்கியிருக்கிறதா என்று கண்ணி கண்ணியாக விரலால் தடவிப் பாருங்கள். ஈயக்குண்டுகளை வெட்டி எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் கையில் ஈயம் வேண்டாம்.

பத்தடி சவுக்குக் கம்பு எட்டு வேண்டும். வடக்கு தெற்காக இரண்டு வரிசை, நடுவில் ஐந்தடி வழி. மூன்றடி ஆழம் தோண்டி, அடியில் ஒரு குறுக்குக் கட்டையைக் கட்டி இறக்குங்கள். தண்ணீர் ஊற்றி மிதித்தால்தான் மணல் பிடிக்கும்.

சேலை என்றால் நைலக்ஸ் என்கிற மெல்லிய நைலான் சேலைதான். பருத்தி கடல் ஈரத்தைக் குடித்துத் தொங்கிவிடும், வெளிச்சத்தையும் அவ்வளவாக விடாது. முதல் வருடம் நான் முழுச் சேலையையே நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டினேன். கச்சான் காற்று அதைப் பாய்மரமாக்கி ஒரு மணி நேரத்தில் இரண்டு கம்பைச் சாய்த்துவிட்டது. இப்போது சேலையை நடுவில் வெட்டி, ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்துவிடுகிறேன். ஒரு சேலைக்குப் பத்துப் பட்டை கிடைக்கும். நுனியில் நாலு சிப்பியை வைத்துத் தைத்தால் பட்டை பறக்காது, காற்றும் ஊடே போய்விடும்.

நிறம் வைப்பதுதான் இதில் உயிர். 1965-இல் வெனிசுவேலா ஓவியர் கார்லோஸ் குரூஸ் தியெஸ் சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு அறையிலும் ஒரே நிற வெளிச்சம் நிறைந்திருக்கும்படி யோசித்தார். அவருக்கு விளக்கு, நமக்கு சாயங்கால வெயில். மேற்குப் பக்கம் முதலில் நீலம், அடுத்து மஞ்சள், கடைசியில் சிவப்பு. ஒன்றன் பின்னால் ஒன்றாக வெயிலுக்கு நேரே அடுக்காதீர்கள், இருட்டிவிடும். பக்கத்தில் பக்கத்தில் வரட்டும். நீலமும் மஞ்சளும் சேருமிடத்தில் மட்டும் இரண்டு பட்டை ஒன்றின்மேல் ஒன்று விழட்டும், அங்கே தானாகப் பச்சை வரும். கிழக்குப் பக்கம் பழைய வெள்ளை வேட்டி. நிறம் வந்து உட்காருவது அதில்தான். வேட்டி இல்லையென்றால் நிறம் மணலோடு போய்விடும்.

நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே வலையை இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். கையால் விலக்கிக்கொண்டுதான் போகவேண்டும், அப்போதுதான் அடுத்த நிறம் சட்டென்று மேலே விழும். உள்ளே மெழுகுவர்த்தி, அகல் எதுவும் கூடாது, நைலான் பற்றிக்கொள்ளும்.

நாலரை மணிக்குத் திறந்தால் போதும். சிவப்பில் ஒவ்வொருவரையும் ஒரு நிமிஷமாவது நிறுத்துங்கள். போன வருடம் பாசி எடுக்கப் போகும் அம்மாச்சி ஒருவர் அப்படி நின்றுவிட்டு வெளியே வந்தார். வெள்ளை மணலையே பார்த்தார். "ஏ ஆத்தா, மண்ணெல்லாம் பாசி படர்ந்த மாதிரி பச்சையா கிடக்கே!" என்றார். சிவப்பில் களைத்த கண்ணுக்கு வெள்ளை அப்படித்தான் தெரியும். திரும்பவும் உள்ளே போனார்.

இருட்டியதும் பட்டைகளை எண்ணி அவிழ்த்துச் சுருட்டுங்கள். ஒன்று குறைந்தாலும் டார்ச் அடித்துத் தேடுங்கள். அது கடலுக்குள் போனால் ஆமை வாயில்தான் போய்ச் சிக்கும்.