கரையும் என்று நம்பி எறியாதீர்கள்: றப்பர் லூர் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை பொல்கொட ஏரியில், மொரட்டுவைப் பக்கத்துக் கரையில் நின்று லூர், அதாவது மீனை ஏமாற்றும் போலி இரை, போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு பொடியன்கள். நல்ல ரொட், புது ரீல், எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தார்கள். பெரியவனின் றப்பர் மீனுக்கு வால் கிழிந்துவிட்டது. ஜிக் ஹெட் என்கிற ஈயத்தலை ஊக்கிலிருந்து உருவி, விரலால் சுண்டித் தண்ணீருக்குள் எறிந்தான். "தம்பி, ஏன் அதைத் தண்ணிக்குள்ள போடுறீங்க?" என்று கேட்டேன். "இது கரைஞ்சு போயிடும் அண்ணா, பக்கெட்டிலேயே எழுதியிருக்கு" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் இதே கரையில், இதே பதிலை நானும் ஒரு பெரியவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். குப்பையைக் கரையில் போடாதீர்கள், அறுந்த தங்கூசியை மரக்கிளையில் விட்டுவிட்டு வராதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நல்ல எண்ணத்தோடு இருந்துகொண்டே செய்கிற தவறுகள் சில இருக்கின்றன, அவைதான் இங்கே.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் போடும் றப்பர் மீன், றப்பர் புழு, றப்பர் இறால் எதிலும் பெரும்பாலும் றப்பர் கிடையாது. அது பிவிசி. வீட்டுத் தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிவிசிதான். குழாய் கல்லுப் போல இருக்கிறது, லூர் ஜெலி போல நெளிகிறது என்றால், அதற்குக் காரணம் உள்ளே ஏராளமாகக் கலந்திருக்கும் மென்மையாக்கும் எண்ணெய். இந்த எண்ணெய்களில் தாலேட் என்ற வகை பரவலாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களில் சில தாலேட்டுகளைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. புதுப் பக்கெட்டைப் பிரித்தவுடன் விரலில் ஒட்டுகிற பிசுபிசுப்பு, மூக்கில் ஏறுகிற வாசனை, இதையெல்லாம் நினைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

எறிந்தால்தான் குற்றம், கழன்று போனால் பரவாயில்லை என்று நினைப்பது

பொல்கொடவிலும் களனி முகத்துவாரத்திலும் தண்ணீருக்குள் போய்ச் சேருகிற றப்பரில் பெரும்பங்கு யாரும் வேண்டுமென்று எறிந்தது இல்லை என்பதே நான் பார்த்த வரையில் உண்மை. வீசும்போது கழன்று பறப்பது, மீன் இழுக்கும்போது ஊக்கிலிருந்து நழுவுவது, கண்டல் வேரில் சிக்கிக் கிழிவது, இப்படித்தான் போகிறது. புதிதாக வருகிறவர்கள் ஜிக் ஹெட்டைக் கோணலாகக் குத்துகிறார்கள். கோணலாக ஏறிய றப்பர் தண்ணீரில் சுழலும், இரண்டாவது வீச்சிலேயே கழுத்துக் கிழியும், நாலாவது வீச்சில் லூர் ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம்.

குத்துவதற்கு முன் ஊக்கை றப்பரின் பக்கத்தில் வைத்து, முனை எங்கே வெளியே வர வேண்டும் என்று நகத்தால் ஓர் அடையாளம் போடுங்கள். நேராக ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு கழுத்தடியில் ஒரு சொட்டு சுப்பர் குளூ. அரை நிமிட வேலை. நான் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு, முன்பு ஒரு காலையில் போன றப்பர் ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருக்கிறது.

"கரையும்" என்று நம்புவது

இது ஒன்றுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சலைத் தருகிறது. இதைச் செய்கிறவர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்றால்கூட மனது ஆறும். அக்கறை உள்ளவர்கள்தான் கூடுதலாகக் காசு கொடுத்து அந்தப் பக்கெட்டைத் தேடி வாங்குகிறார்கள், வாங்கிவிட்டு அந்த நம்பிக்கையிலேயே கை கூசாமல் எறிகிறார்கள்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். சாதாரண பக்கெட்டை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. பக்கெட்டில் ஆங்கிலத்தில் "பயோடிகிரேடபிள்" என்று இருந்தது, கடைக்காரர் அதை "கரைஞ்சிடும்" என்று தமிழாக்கினார். கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது. சீனி கரையும், வாழையிலை மக்கும். இரண்டும் ஒன்றில்லை. கரைவது நம் கண் முன்னால் நடக்கும். மக்குவதற்கு நுண்ணுயிர் வேண்டும், சூடு வேண்டும், பெரும்பாலும் காற்றும் வேண்டும், எல்லாவற்றையும் விட நாள் வேண்டும். "கம்போஸ்ட் ஆகும்" என்று முத்திரை வாங்குகிற பிளாஸ்டிக்கைத் தொழிற்சாலைக் குவியலின் சூட்டில், ஏறக்குறைய 58 பாகை செல்சியசில், காற்றோட்டத்தோடு வைத்துத்தான் சோதிக்கிறார்கள். பொல்கொட அடிச்சேற்றை ஒரு தடியால் கிளறிப் பாருங்கள். கறுப்பாக, கூழ்முட்டை நாற்றத்தோடு குமிழி விட்டுக்கொண்டு வரும். காற்றே இல்லாத சேறு அது.

2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்ததும், பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் பனி கொட்டியது போல ஒதுங்கியதும் யாருக்கும் மறந்திருக்காது. பிறகு ஒரு சனிக்கிழமை நானும் நண்பர்களோடு சரக்குவ கடற்கரைக்குப் போய் மணலைச் சல்லடையில் அரித்தேன். முதுகு ஒடிய அரித்து, ஒரு பை நிறைய மணிகளோடு வந்தேன். அடுத்த நாள் காலையிலேயே பொல்கொடவுக்குப் போனேன், வழக்கம் போல நாலைந்து கிழிந்த துண்டுகளைத் தண்ணீரில் விட்டேன். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குப் படவில்லை. ஒன்று பிளாஸ்டிக், மற்றது "கரையும்".

அந்த வருடக் கடைசியில் ஒன்றரைக் கிலோ வரும் கொடுவா ஒன்று கிடைத்தது, சிங்களத்தில் மோதா என்பார்களே அதுதான். கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில் அம்மா வயிற்றைக் கீறி, இரைப்பையை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதென்னடா, அட்டையா?" என்று கூப்பிட்டார். உள்ளே ஒரு சின்ன இறாலின் ஓடும், வெளிறிய பச்சையில் வழுவழுப்பான ஒரு பொருளும் கிடந்தன. குழாயடியில் கழுவினேன். தண்ணீர் பட்டதும் அதன் வால் ஆடியது, ஏரிக்குள் ஆடுவது போலவே. பையிலிருந்து புதியது ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே அச்சு, வயிற்றில் அதே வரிகள், தலைப்பக்கம் ஜிக் ஹெட் போன துளை. ஆனால் புதியதை விட நன்றாக ஊதியிருந்தது, இரைப்பையின் வாய்ப்பக்கத்தில் ஒரு முழு வளைவாக மடிந்து அடைத்திருந்தது. மீனின் தலை பெரிதாகவும் முதுகுச் சதை வற்றியும் இருந்தது. இதனால்தான் மெலிந்தது என்று ஒரு மீனை வைத்துச் சாதிக்க முடியாது. ஆனால் அம்மா அந்த மீனைச் சமைக்கவில்லை. நானும் சமைக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று ஜேம் போத்தல்களில் பொல்கொடத் தண்ணீரும் இரண்டு விரல் உயரத்துக்குச் சேறும் நிரப்பி, ஒன்றில் சாதாரண பிவிசி லூர், ஒன்றில் "கரையும்" லூர், ஒன்றில் இழுத்தால் முழ நீளம் வருகிற டிபிஇ என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் லூர், என்று போட்டு பல்கனியில் வைத்தேன். பதினாலு மாதம். டிபிஇ முதல் நாள் போலவே மேலே மிதந்துகொண்டிருந்தது. பிவிசி நிறம் மங்கியது, கொஞ்சம் பருத்தது, வேறு மாற்றமில்லை. "கரையும்" லூர் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஊதி, மேலே வெள்ளைப் பாசி போல ஒரு படலம் பிடித்து, கிள்ளினால் பிய்கிற அளவுக்கு இளகியிருந்தது. உண்மைதான், அது மாறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பதினாலு மாதத்துக்குப் பிறகும் கண் எது, வால் எது என்று சொல்ல முடிந்தது. ஏரியில் ஒரு மீன் அதைக் கண்டு விழுங்க ஐந்து நிமிடம் போதும்.

என்னுடையது போத்தல் விளையாட்டு. முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொட்டியின் அடியில் கிடந்த றப்பர் லூர்களைப் புரூக் டிரவுட் மீன்கள் தாமாகவே எடுத்து விழுங்கின. அவை வயிற்றிலேயே தங்கின, மீன்களின் எடை குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் சார்ல்ஸ்டன் ஏரியை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. இரண்டு வருடம் தண்ணீரில் ஊறிய லூர்கள் கரையவில்லை, ஊதின. அந்த ஏரியில் ஆய்வாளர்கள் பிடித்த மீன்களில் நூற்றுக்கு இரண்டு மூன்றின் வயிற்றில்தான் றப்பர் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், பெரிதாக்கிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 2013-இல் றப்பர் லூர்களையே தடைசெய்யச் சட்டமூலம் கொண்டுவரும் அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. எல்லாம் குளிர்நாட்டு ஏரிகள், நமக்கு அறிமுகமில்லாத மீன்கள். ஆனால் அடியில் கிடப்பதை வாய்க்குள் போட்டுப் பார்க்கிற பழக்கம் நம் மீன்களுக்கும் உண்டு, அதை நான் குசினியில் பார்த்துவிட்டேன்.

ஆகவே மக்கும் லூர் வாங்குவதென்றால் வாங்குங்கள். தவறிப் போனால் மற்றதை விட அது மேல்தான். ஆனால் கையில் இருக்கும் துண்டை எறிவதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை. அப்புறம் இன்னொன்று, இந்த வகையில் பல தண்ணீரை வைத்துச் செய்தவை. ஊக்கிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் காய்ந்து தோல் போல இறுகியிருக்கும், கத்தி இல்லாமல் வராது.

பேத்தை இருக்கும் இடத்தில் பிடிவாதம் பிடிப்பது

வால் மட்டும், கத்தரிக்கோலால் வெட்டியது போல, அரைவட்டமாகப் போயிருந்தால் அது பேத்தை மீன். முகத்துவாரம், காக்கைதீவுப் பக்கம் உப்புத் தண்ணீர் ஏறும் நேரத்தில் கூட்டமாக வரும். புதியவர்கள் "கடிக்குது, கடிக்குது" என்று அடுத்த றப்பரை மாட்டுகிறார்கள். அரை மணி நேரத்தில் ஒரு பக்கெட் முடிந்துவிடும், பத்து வாலும் தண்ணீருக்குள். இரண்டு வால் போனவுடன் நிறுத்துங்கள். இரும்பு ஸ்பூன் லூரோ மர லூரோ மாட்டுங்கள், அல்லது ஐம்பது அடி தள்ளிப் போங்கள். வால் போன உடலை வீசிவிட வேண்டாம், இரண்டு உடல்களின் வெட்டுமுகத்தை லைட்டர் சூட்டில் இளக்கி ஒட்டினால் பிவிசி நன்றாகப் பிடிக்கும்.

எல்லா வகையையும் ஒரே பெட்டியில் போடுவது

டிபிஇயும் பிவிசியும் ஒன்றோடொன்று பட்டால் உருகும். கொழும்பு வெயிலில், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள், ஒரே மத்தியானத்தில் கூழாகிவிடும். பெட்டியின் பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்னும். எனக்கு ஒரு தடவை நாலு பக்கெட் ஒரே கட்டியாகிப் போனது. ஒரு தடவைகூடத் தண்ணீரில் நனையாத பொருள் அப்படியே குப்பைக்குப் போவதைப் பார்க்க வயிறு எரிந்தது. அது அது வந்த பக்கெட்டிலேயே இருக்கட்டும்.

ஈயக் குண்டைப் பல்லால் கடிப்பது

வேண்டாம், ஈயம் நஞ்சு. நூலில் அமுக்கக் குறடு வைத்திருங்கள்.

ஈயம் தொலைவதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

பிரித்தானியாவில் அன்னப்பறவைகள் சின்ன ஈயக் குண்டுகளை விழுங்கிச் செத்ததால், 1987-இலேயே 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையான தூண்டில் ஈயத்தைத் தடைசெய்தார்கள். நம் ஜிக் ஹெட் அநேகமாக எல்லாமே இந்த எடைக்குள்தான் வரும். ஈயத்துக்குப் பதிலாக வரும் டங்ஸ்டன் விலை அதிகம், எல்லோராலும் முடியாது. சிக்கினால் வெடுக்கென்று இழுத்து அறுக்காமல், நடந்து போய் எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்துப் பார்ப்பது எல்லோராலும் முடியும்.

பழைய துண்டுகளை வீட்டுக் குசினியில் உருக்குவது

அச்சில் ஊற்றிப் புதிது செய்யலாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். செய்யலாம்தான். ஆனால் பிவிசி சூடு கூடினால் ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும், அது ஈரத்தில் பட்டால் அமிலம். கண்ணும் தொண்டையும் எரியும். சாப்பாடு சூடாக்கும் மைக்ரோவேவில் கட்டாயம் வேண்டாம். வளவுக்குள் குப்பையோடு போட்டுக் கொளுத்துவதும் அதே காரணத்தால் கூடாது.

எண்ணாமல் வீட்டுக்குக் கிளம்புவது

என் இடுப்புப் பையில் மூடி போட்ட ஒரு சின்னப் போத்தல் தொங்குகிறது. கிழிந்தது, வால் போனது, ஊக்கில் மிஞ்சிய துணுக்கு எல்லாம் அதற்குள். நிறைந்தால் சாதாரணக் குப்பையோடு கட்டிக் கொடுத்துவிடுகிறேன், மறுசுழற்சிக்குப் பிரித்து வைக்கும் போத்தல்களோடும் ஷொப்பிங் பேக்குகளோடும் இதைக் கலக்கக் கூடாது. புறப்படும்போது எத்தனை றப்பர் கொண்டுவந்தேன், எத்தனை மீதி, போத்தலில் எத்தனை என்று எண்ணுவேன். கணக்கில் குறைவதுதான் ஏரிக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அந்தப் பொடியன்களிடமும் எண்ணச் சொன்னேன். சின்னவன் பக்கெட்டைக் கால் மேல் கவிழ்த்து எண்ணினான். பத்தில் நாலு இருந்தது, ஊக்கில் ஒன்று. மற்ற ஐந்தும் எங்கே என்று அண்ணனைப் பார்த்தான். பெரியவன் தண்ணீரைப் பார்த்தான்.