தொண்டை கட்டினால் நான் செய்வது

ஆரம்பப் பள்ளி ஆசிரியைக்குக் குரல்தான் மூலதனம். ஜூனில் பள்ளி திறந்தாலே எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். மதியத்துக்கு மேல் வாய்ப்பாடு சொல்ல வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால் இதமாக இருந்ததே தவிர, குரல் திரும்பவில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண்கள் வீங்கியிருக்கின்றன, மாத்திரையைவிட ஓய்வுதான் முக்கியம் என்றார். பெண்கள் பேசும்போது அந்த நாண்கள் நொடிக்கு சுமார் 200 முறை மோதிக்கொள்கின்றன. கத்தினால் மோதலின் வேகம் இன்னும் கூடும். கிசுகிசுப்பதும் ஓய்வல்ல, பலருக்கு அதுவே தொண்டையை இறுக்கிவிடும். கனைப்பதும் அப்படித்தான். கனைக்கத் தோன்றினால் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துவிடுகிறேன்.

எனக்கு ரொம்பக் கைகொடுத்தது ஸ்ட்ரா பயிற்சி. அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனியை இரண்டு விரற்கடை மூழ்கவிட்டு, 'ஊ' என்று மெதுவாகக் குரல் கொடுத்தபடி ஊத வேண்டும். குமிழிகள் விட்டுவிட்டு வராமல் சீராக வரவேண்டும். ஸ்ட்ராவில் உண்டாகும் எதிரழுத்தம் நாண்கள் பலமாக மோதாமல் பார்த்துக்கொள்கிறது. காலையில் கிளம்பும் முன் இதைச் செய்தால் முதல் பீரியடிலேயே குரல் சிரமமில்லாமல் வருகிறது.

அப்புறம், வகுப்பை அடக்க நான் இப்போது கத்துவதில்லை. இரண்டு தட்டு கைதட்டுவேன், பிள்ளைகள் மூன்று தட்டு திருப்பித் தட்டுவார்கள். சத்தம் தானாக அடங்கிவிடும்.

சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புகைபிடிப்பவர் என்றால் இன்னும் சீக்கிரமாக.