இரட்டைக் குழந்தைகள்: தவறிவிடும் சில கணக்குகள்

கருவில் இருப்பது இரட்டை என்று தெரிந்ததும், இருவரும் ஒரே சாயலில் இருப்பார்களா, பரம்பரையில் இதற்கு முன் யாருக்கு இரட்டையர் பிறந்தார்கள் என்ற பேச்சுதான் வீட்டில் முதலில் எழுகிறது. ஆனால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நஞ்சுக்கொடி (பிளசென்டா) ஒன்றா, இரண்டா? அதைக் கேட்காமல் விடுவதே முதல் தவறு. என் கணிப்பில் மிகப் பெரிய தவறும் அதுவே.

கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இது தெளிவாகத் தெரியும். இரு பனிக்குடங்களுக்கும் நடுவிலுள்ள சவ்வு, நஞ்சுக்கொடியைத் தொடுமிடத்தில் ஆப்புப் போலத் தடித்திருந்தால் நஞ்சுக்கொடிகள் தனித்தனி. மெல்லியதாக, செங்குத்தாக வந்து சேர்ந்தால் ஒன்றே. வாரங்கள் கூடக் கூட இந்த அடையாளம் மங்கிவிடும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் கருக்களின் இரத்தக் குழாய்கள் உள்ளே இணைந்திருப்பதால், ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதக் கர்ப்பங்களில் ஒரு சிசுவின் இரத்தம் மற்றதற்குப் பாய்ந்து, ஒன்றைச் சுற்றிப் பனிக்குட நீர் வற்ற, மற்றதைச் சுற்றி நீர் பெருகி அதன் இதயம் திணறும். எனவேதான் இவர்களுக்கு 16ஆம் வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. உரிய நேரத்தில் கண்டுபிடித்தால், இணைப்புக் குழாய்களை லேசர் மூலம் அடைக்க வழியுண்டு. சில நாட்களுக்குள் வயிறு திடீரெனப் பெருத்து, தோல் இறுகி, மூச்சு வாங்கினால், "இரட்டை என்றால் அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்கலாகாது.

நஞ்சுக்கொடி இரண்டென்றால் ஒரே சாயல் இருக்காது என்பதும் பிழையே. ஒரே கருமுட்டையிலிருந்து வரும், ஒரே சாயலுள்ள இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத் தனித்தனி நஞ்சுக்கொடிகள் உண்டு.

நாட்கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரம் நிறைவதற்குள் பிறந்துவிடுகிறார்கள். ஒன்பதாம் மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடுகளைத் தள்ளிப்போடுபவர்களுக்கு ஒன்பதாம் மாதம் முழுதாக வாய்க்காமலே போகலாம். குறைமாதப் பிரசவத்துக்கு அஞ்சி முழுநேரமும் படுத்தே கிடப்பதால் அது தடுக்கப்படுவதில்லை. காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்துதான் கூடுகிறது. இரட்டைக் கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் உயரும் வாய்ப்பு அதிகம் என்பதால், தலைவலியையும் கண் மங்குவதையும் களைப்பென்று ஒதுக்கக்கூடாது.

இரட்டை என்றாலே சிசேரியன்தான் என்ற முடிவும் அவசரமானது. முதல் குழந்தையின் தலை கீழ்நோக்கியிருந்த ஏறக்குறைய 2,800 பெண்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், முன்கூட்டியே திட்டமிட்ட சிசேரியன் குழந்தைகளுக்கு ஏற்படும் ஆபத்தைக் குறைக்கவில்லை என்று தெரியவந்தது.

செயற்கைக் கருத்தரிப்பில், "ஒரே பிரசவத்தில் இரண்டும் முடிந்துவிடும்" என்று இரண்டு கருக்களை வைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன ஆபத்துகளில் பலவற்றை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பிறந்த பின்பு, தூக்கமில்லாத பெற்றோர் நினைவை நம்புவது ஆபத்து. ஒருவனுக்கே இருமுறை மருந்து கொடுத்துவிட்டு மற்றவனை விட்டுவிடுவது நடக்கக்கூடியதே. யார் எப்போது பால் குடித்தார், யாருக்கு என்ன கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் குறித்து, ஒரே சாயலென்றால் ஒருவரின் கால் பெருவிரல் நகத்தில் மட்டும் சிறிது நகப்பூச்சு இட்டுவைப்பது போதும். இருவரையும் ஒரே தொட்டிலில் உறங்க வைக்காமல் தனித்தனியே கிடத்துவது பாதுகாப்பானது. ஒருவன் தவழ்ந்துவிட்டான், மற்றவன் தவழவில்லை என்று ஒப்பிடுவதைவிட, எத்தனை வாரம் முன்கூட்டிப் பிறந்தார்களோ அதை வயதிலிருந்து கழித்துவிட்டு ஒவ்வொருவரின் வளர்ச்சியையும் தனியே பார்ப்பதே முறை. தாயின் சோர்வு வாரக்கணக்கில் நீங்காவிட்டால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இரட்டையரின் தாய்மாரிடம் இது கூடுதலாகவே காணப்படுகிறது.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது சிறியதல்ல. சில மாதங்களில், பக்கத்தில் பக்கத்தில் கிடத்திய இருவரும் முகம் பார்த்து, காரணம் எதுவும் நமக்குப் புரியாமலேயே, மாறி மாறிச் சிரிக்கத் தொடங்குவார்கள். அந்தச் சில நிமிடங்களுக்கு நாம் அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆறிப்போன சாப்பாட்டை முடித்துவிடலாம்.